எல்லாப் பெண்களுக்கும் கேட்டவர்: கண்டி அக்னஸ் டி சில்வா

கண்டியில் படித்த எவருக்கும் ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்கா என்ற பெயர் புதிதல்ல. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எத்தனையோ தடவை அந்தப் பெயரைக் கடந்து போயிருப்போம். யார் அந்த ஜோர்ஜ் என்று கேட்டால், பழைய சுகாதார அமைச்சர் என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். அவருடைய மனைவி யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இராது. நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்ணின் வரலாற்றை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, உலகறிந்த பெயர்கள் பல மனதில் வந்தன. இருந்தும் நமது ஊரிலேயே வாழ்ந்த அக்னஸ் டி சில்வாவை விட்டுவிட்டு வேறெங்கும் போக மனம் ஒப்பவில்லை. நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோட்டத்துப் பிள்ளைகளின் பாட்டிமாருக்காக ஒருவர் பேசவேண்டிய ஒரு நாள் வந்தது. அன்று பேசியவர் அவர்.

அக்னஸ் மேரியன் நெல் 1885 ஆம் ஆண்டு ஒரு பறங்கியர் குடும்பத்தில் பிறந்தார். நெல் குடும்பம் படிப்புக்குப் பேர்போன குடும்பம். கண் வைத்தியராகவும் தொல்பொருள் ஆர்வலராகவும் விளங்கிய அன்ட்ரியாஸ் நெல், இலங்கையின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவரான வினிபிரட் நெல் ஆகியோர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களே. ஒரு பெண் வைத்தியராகலாம் என்பதை வீட்டிலேயே கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு பெண் வாக்களிக்க முடியாது என்ற சட்டம் விசித்திரமாகப் பட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

1908 இல் அவர் ஜோர்ஜ் ஈ. டி சில்வா என்ற சிங்கள வழக்கறிஞரை மணந்தார். பறங்கியர் வீட்டுப் பெண் சிங்களவர் ஒருவரை மணப்பது அன்று இலேசான காரியமல்ல. கண்டியின் பெரிய மனிதர் வட்டமும் அப்போது இறுகிய வட்டம். ஒரு பக்கம் ரதல குடும்பங்கள், இன்னொரு பக்கம் வெள்ளைக்காரத் துரைமார். இரண்டிலும் சேராத ஜோர்ஜ் சாதாரண சனங்களின் பக்கம் நின்று அரசியல் செய்தார். சனங்களும் அவரை எங்கள் ஜோர்ஜ் என்று சொந்தம் கொண்டாடினார்கள். அந்த வீட்டுக்கு அரசியல் வாசல் வழியாக வந்துபோகும் விருந்தாளியல்ல, அங்கேயே குடியிருந்தது என்று சொல்லலாம்.

அன்றைய வாக்குரிமை எப்படி இருந்தது என்பதை இன்றைய பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1920களின் நடுவில் இலங்கையின் மொத்தச் சனத்தொகையில் ஏறக்குறைய 4 வீதத்தினரே வாக்காளர். ஆணாக இருக்கவேண்டும், எழுத வாசிக்கத் தெரிந்திருக்கவேண்டும், மாதம் 50 ரூபா வருமானமோ அதற்கு ஈடான சொத்தோ இருக்கவேண்டும். சுதந்திரம் கேட்ட தலைவர்களிலும் பலருக்கு இந்த ஏற்பாடு பெரிய குறையாகத் தெரியவில்லை. படித்தவர்களிடமிருந்து ஆட்சி படித்தவர்களுக்கே வரவேண்டும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு.

இலங்கைத் தேசிய காங்கிரசின் 1925 ஆம் ஆண்டு மாநாட்டில் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை அசலின் தோமஸ் முன்மொழிந்தார், அக்னஸ் வழிமொழிந்தார். அது எல்லாப் பெண்களுக்கும் கேட்ட தீர்மானமல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். கல்வியோ சொத்தோ உள்ள பெண்களுக்கு மட்டுமான, வரையறுத்த வாக்குரிமைதான் கேட்கப்பட்டது. அன்றைய சபையில் அதைக் கேட்பதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது. அடுத்த இரண்டரை ஆண்டுகளுக்குள் அவர் எவ்வளவு தூரம் போனார் என்பதை அளக்க, இந்த 1925 ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1927 நவம்பரில் டொனமூர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அரசியல் யாப்பைத் திருத்துவது பற்றி ஆராய்வது அதன் வேலை. எல்லாச் சங்கங்களும் எல்லாச் சமூகங்களும் மகஜர்களுடன் வரிசையில் நின்றன. பெண்கள் சார்பில் நிற்கத்தான் எவருமில்லை. டிசம்பரில் கொழும்பில் பெண்கள் கூடிப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். டயஸ் பண்டாரநாயக்கா சீமாட்டி தலைவி, அக்னஸ் டி சில்வா செயலாளர். கனடாவில் பிறந்து யாழ்ப்பாணத் தமிழரை மணந்து இங்கேயே வாழ்ந்த வைத்தியர் மேரி இரத்தினம் போன்றோரின் பல ஆண்டுச் சமூகப்பணி அந்தச் சங்கத்துக்கு முன்னோடியாக இருந்தது. சிங்களவர், தமிழர், பறங்கியர் என்று பல சமூகத்துப் பெண்கள் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பெண்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆணைக்குழு ஜனவரியில் திரும்பிப் போய்விட்டது. ஆகவே அவர்களுக்குக் கிடைத்த காலம் சில வாரங்களே. அந்தச் சில வாரங்களுக்குள் சங்கத்தைத் தொடங்கி, கோரிக்கையை எழுதி, தூதுக்குழுவை அமைத்து, ஆணைக்குழுவின் முன் போய் நின்றார்கள். புனிதப் போருக்குப் போகிறவர்களின் உற்சாகத்தோடு போனதாக அக்னஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் நினைவுகூர்ந்தபடி, அங்கே டொனமூர் பிரபு ஒரு கேள்வி கேட்டார். தோட்டங்களில் கூலிவேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்றா கேட்கிறீர்கள் என்பது கேள்வி. இதை வெறும் விளக்கம் கேட்ட கேள்வி என்று நான் நினைக்கவில்லை. பிடிக்குள் அகப்படுத்தும் கேள்வி அது. இல்லை என்றால், பெண் என்ற காரணத்தால் வாக்கு மறுக்கப்படுவது அநியாயம் என்ற அவர்களுடைய வாதம் அங்கேயே உடைந்துவிடும். ஆம் என்றால், அன்றைய அரசியலில் எவருக்கும் பிடிக்காத ஒன்றைச் சொன்னவர்களாகி, கிடைக்கவிருந்ததும் கிடைக்காமற் போகலாம். யோசித்துச் சொல்கிறோம், சங்கத்தில் பேசிப் பதில் தருகிறோம் என்று நழுவியிருக்கலாம். அக்னஸ் நழுவவில்லை. நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற கருத்தில் அங்கேயே பதில் சொன்னார்.

அந்தக் கேள்விக்கு உரியவர்கள் யார்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் இலங்கை மலைநாடு முழுவதற்கும் கண்டிச் சீமை என்றுதான் பெயர். அட்டனுக்குப் போனாலும் பதுளைக்குப் போனாலும் கண்டிக்குப் போனதாகவே பேச்சு. அப்படிக் கண்டிச் சீமைக்கு வந்த பெண்களில் பலர் கண்டி நகரைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, நாள் முழுக்கக் கொழுந்து கிள்ளி, லயத்துக்குத் திரும்பிச் சமைத்து, அடுத்த விடியலில் மறுபடி பிரட்டுக்குப் போனவர்கள். 1927 ஆம் ஆண்டின் சம்பளச் சட்டத்தின்படி பின்னர் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம், மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். மாதம் 26 நாள் பேர் விழுந்தாலும் பெண்ணுக்கு 11 ரூபா 18 சதம். மாதம் 50 ரூபா என்ற எல்லையோடு இதை வைத்துப் பாருங்கள். வருமானத்தை அளவுகோலாக வைக்கும் எந்த வாக்குரிமையும் அந்தப் பெண்ணை ஒருநாளும் எட்டியிராது. எல்லாருக்கும் என்று கேட்டால் மட்டுமே அவளும் அதற்குள் வருவாள். அக்னஸின் பதிலின் கனம் அங்கேதான் இருக்கிறது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. தமிழ்த் தலைவர்களுள் மூத்தவரான சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதைப் பன்றிகளின் முன் முத்தை எறிவதற்கு ஒப்பிட்டார். மருதனார்மடத்தில் 1913 இல் பெண்களுக்கென்றே கல்லூரி அமைத்தவரும் அவரே. அந்தக் கல்லூரியில் படித்துத் தம் வாழ்வை ஆக்கிக்கொண்டவர்கள் நம் உறவினரிலும் உண்டு. பெண் படிக்கட்டும், ஆனால் ஆளவேண்டாம் என்ற எண்ணம் அவர் ஒருவருடையது மட்டுமல்ல, அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பலரும் அப்படியே நினைத்தார்கள். பெண்ணுக்குப் படிப்பைக் கொடுத்துவிட்டு அவள் அதைக்கொண்டு என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்று வரம்பு கட்டுவது எந்தக் காலத்திலும் நிலைத்ததில்லை. பெண்கள் கல்லூரி ஒன்றின் நூற்றாண்டு மலரில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது?

1928 இல் ஆணைக்குழுவின் அறிக்கை வெளியானது. கேட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அது தாராளமாக இருந்தது. ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்கு என்று ஆணைக்குழு சொன்னது. பின்னர் பெண்களுக்கும் 21 என்று ஆக்கப்பட்டது. ஆனால் அதே நேரம் மறுபக்கத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது. தோட்டத் தொழிலாளருக்கு வாக்குக் கொடுத்தால் மலைநாட்டுத் தொகுதிகள் கைமாறிவிடும் என்று சிங்களத் தலைவர்கள், விசேடமாகக் கண்டியத் தலைவர்கள், கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, இந்தியத் தமிழருக்கு நிரந்தரக் குடியிருப்பு என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதாகக் காட்டவேண்டும், இல்லையேல் ஐந்து ஆண்டு வதிவைக் காட்டிச் சான்றிதழ் பெறவேண்டும், அதைப் பெறுகிறவர் வேறு அரசாங்கத்தின் பாதுகாப்பைக் கோரும் உரிமையைக் கைவிடவேண்டும். இவ்வளவு செய்தும் 1929 டிசம்பரில் சட்டசபையில் புதிய யாப்பு 19க்கு 17 என்று இரண்டே வாக்குகளால்தான் தப்பியது.

1931 ஜூனில் இலங்கைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்கைப் பெற்று அப்போது மூன்றே ஆண்டுகள். பிரான்சுப் பெண்கள் அதற்குப் பிறகும் பதினைந்து ஆண்டளவு காத்திருந்தார்கள். சுவிற்சர்லாந்தில் இருந்து இந்த மலரைப் புரட்டும் தோழியருக்கு ஒரு தகவல்: நீங்கள் வாழும் நாட்டில் பெண்களுக்குத் தேசிய வாக்கு வந்தது 1971 இல். நமது பாட்டிமார் அதற்கு நாற்பது வருடம் முந்திவிட்டார்கள். எழுத்தறியாதவர்களும் வாக்களிக்க வசதியாக அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் கொடுத்து நிறப் பெட்டிகள் வைத்தார்கள். யாழ்ப்பாணப் பெண்களுக்கு மட்டும் அந்த நாள் தள்ளிப்போனது. புதிய யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்ததால், அங்கே 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சபைக்குள் பெண்களும் விரைவில் போனார்கள். 1931 முடியுமுன் அடலின் மொலமுரே, தந்தையின் மறைவால் வெற்றிடமான ருவன்வெல்லைக்குத் தெரிவானார். 1932 இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து வென்றார். அரசாங்க சபைக்குப் போன முதற் தமிழ்ப் பெண் அவர்.

தோட்டத்துப் பெண்களுக்காக அவர்களுடைய மொழியிலேயே பேசிய இன்னொருவரையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், கணவருடைய தேசபக்தன் பத்திரிகையில் பெண்கள் வாக்குரிமை பற்றி எழுதினார். தொழிலாளர் கூட்டங்களில் தாமே கட்டிய பாட்டுகளைப் பாடினார். 1940 இல் அவை சிறு நூலாகவும் வந்தன. ஆணைக்குழுவின் முன் ஆங்கிலத்தில் பேச அக்னஸ், பிரட்டுக்களத்துச் சனங்களின் முன் தமிழில் பாட மீனாட்சி அம்மாள். இந்த இரண்டு படங்களையும் ஒரே சுவரில் மாட்டவேண்டும் என்பது என் ஆசை.

நிபந்தனைகள் இருந்தும் 1931 இல் சுமார் 1 இலட்சம் இந்தியத் தமிழர் வாக்காளராகப் பதிந்தார்கள். 1939 அளவில் அந்தத் தொகை 2 இலட்சத்து 25 ஆயிரத்தைத் தொட்டது. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் மலைநாட்டிலிருந்து பாராளுமன்றம் சென்றார்கள். தோட்டத்துப் பெண் போட்ட வாக்கு எண்ணப்பட்டது, அதற்குப் பலனும் இருந்தது. அதுவே வினையாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவளுடைய குடியுரிமையைப் பறித்தது. 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது.

இந்த இடத்தில் எழுதுகோல் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது. சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவும் ஓர் அமைச்சர். 1948 இல் தேர்தல் மனுவொன்றால் அவர் கண்டி ஆசனத்தை இழந்தார். அவர் இருந்த அந்த அரசாங்கம்தான் அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்தது. இதை விட்டுவிட்டு எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும், ஆனால் வரலாறாக இராது. அக்னஸ் கேட்டுப் பெற்றதைப் பறித்தவர்கள் தூரத்து எதிரிகளல்லர், அவருடைய வீட்டுக்கு வந்துபோகக்கூடிய வட்டத்தினர். கண்டி ஆசனத்தின் பிற்கதை இன்னொரு விதத்தில் வேடிக்கை. ஜோர்ஜுக்குப் பின் இடைத்தேர்தலில் வென்ற ரி. பி. இலங்கரத்னவும் மனுவால் ஆசனத்தை இழந்தார். 1949 இல் அவருடைய மனைவி தமரா குமாரி இலங்கரத்ன அங்கே தெரிவானார். பெண்ணுக்கு வாக்குக் கேட்டவரின் ஊருக்கு ஒரு பெண் உறுப்பினர் கிடைத்த அதே ஆண்டில், அந்த ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் கொழுந்து கிள்ளிய பெண்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கத் தொடங்கின.

அக்னஸின் பிள்ளைகளில் மூவர் தத்தம் வழியிற் பெயர் பெற்றார்கள். மகன் பிரெட் கண்டியின் மேயராக இருந்தார். மூத்த மகள் அனில் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றத்திலும் மார்க் கலைச் சஞ்சிகையிலும் உழைத்தார். 1918 இல் பிறந்த இளைய மகள் மினெட்டை நம்மிற் பலர் பெயரளவிலாவது அறிவோம். காந்தியடிகளை விடுவிக்கக் கோரிய கூட்டத்துக்குப் போனதற்காக மன்னிப்புக் கேட்க மறுத்து, பம்பாய்க் கலைக்கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையில்லை. பின்னர் இலண்டனிற் படித்து, 1948 இல் பிரித்தானியக் கட்டடக்கலைஞர் அரச நிறுவனத்தின் உறுப்பினரான முதல் ஆசியப் பெண்ணானார். வட்டபுலுவ வீடமைப்புத் திட்டம் அவர் வரைந்தது. 1998 இல் அவர் மறைந்த ஆண்டிலேயே வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலில் பெற்றோருக்குப் பெரிய இடம் உண்டு. அக்னஸின் முகத்தைக் காண விரும்பும் தோழியர் அதைத் தேடிப் பார்க்கலாம்.

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமரானபோது அக்னஸ் உயிரோடு இருந்தார். 1961 இல் மறைந்தார். 1964 இல் அதே பெண் பிரதமர் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த ஒப்பந்தத்தில், நாடற்றவர்களென 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் கணக்கிடப்பட்டு, அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. தோட்டத்துப் பெண்ணிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை, அவளிடம் வாக்கு இல்லையே. கண்டியிலிருந்து தலைமன்னாருக்குப் போன புகையிரதங்களில் தகரப்பெட்டிகளோடு ஏறியவர்களில் பள்ளிப்பிள்ளைகளும் இருந்தார்கள். பாதிப் படிப்போடு போனவர்கள் அவர்கள். திருச்சியிலும் நீலகிரியிலும் இன்று பாட்டிமாராக இருக்கும் அவர்களில் எவர் கைக்காவது இந்த மலர் போய்ச் சேருமானால் மகிழ்ச்சி. கண்டிச் சீமைக்கு வந்து கண்டிக்காரி என்ற பெயரோடு திரும்பிப் போனவர்கள் அவர்கள்.

இங்கே எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பி வந்தது. 1988 இல் ஒரு சட்டம், கடைசியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களுடைய பிள்ளைகளும் அதன்படி இலங்கைப் பிரசைகளாகப் பதிவுபெறலாம் என்றாயிற்று. டொனமூர் பிரபுவின் கேள்விக்கு அக்னஸ் டி சில்வா ஒரு நிமிடத்தில் சொன்ன பதிலைச் சட்டமாக முழுமையாக எழுத, இந்த நாட்டுக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அந்தக் கேள்விக்கு உரியவர்களாக இருந்த பெண்கள் ஏறக்குறைய எல்லாரும் தேயிலைக்கடியில் புதைந்துவிட்டார்கள்.